நான்கு பக்கமும் ஒட்டிய மேல்விலாசம்

ஜெர்மனிக்குப் போன இரண்டாம் வருடம் என் கணவர் கடைசியாகப் போனில் சொன்னது இதுதான்: "உன்ன வச்சுக்கவும் மாட்டேன், உடவும் மாட்டேன். அப்படியே கெட." அதோடு நம்பரை மாற்றிவிட்டார். நான் கிடக்கவில்லை. பாலக்காடு குடும்ப கோர்ட்டில் விவாகரத்து மனுப் போட்டேன்.

சமன்ஸ் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் வழக்கு நகரும். கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் அவர் வீட்டுக்குச் சமன்ஸ் கொடுக்கக் கோர்ட் அமீனா போனார். என் மாமியார் வாசலிலேயே நின்று, "எம்பையன் எந்த ஊர்ல இருக்கறான்னு எங்களுக்கே தெரியாதுங்க. மேல்விலாசம் ஒண்ணும் குடுக்கலீங்க" என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அதைக் கோர்ட்டில் வாசித்தபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இரண்டு வருடம் தேதி தள்ளிக்கொண்டே போனது.

"விலாசம் மட்டும் கொண்டு வாங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றார் என் வக்கீலம்மா.

நான் பொள்ளாச்சியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். ஒருநாள் காலை பஸ்ஸில் நான் நின்ற இடத்துக்கு முன் சீட்டில் மாமியார். மடியில் டேப் சுற்றிய அட்டைப்பெட்டி. கூட்டத்தில் பின்னால் நின்ற என்னை அவர் பார்க்கவில்லை. பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி. ஒரு காலத்தில் அரைத்துக் கொடுத்தவளே நான்தானே. பெட்டி எப்படிப் புரண்டாலும் மகனிடம் போய்ச் சேரவேண்டும் என்று மேல்விலாசத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்து நான்கு பக்கமும் ஒட்டியிருந்தார். எனக்கு ஒரு பக்கமே போதுமாக இருந்தது. போனில் படம் எடுத்தேன்.

வெளிநாட்டுக்கு என்பதால் சமன்ஸும் மனுவும் டெல்லியில் மத்திய அரசு வழியாகப் போகவேண்டும், ஜெர்மன் மொழிபெயர்ப்போடு இரண்டு பிரதி வேண்டும் என்றார் வக்கீலம்மா. என் கணவர் என்னை அறைந்தது, அறைக்குள் பூட்டிவைத்தது எல்லாம் எனக்கு ஒரு எழுத்தும் புரியாத பாஷையில் தாள் தாளாக வந்தன. அந்த ஊர் கோர்ட்டில் யாராவது இதைப் படிப்பார்கள் என்று நினைக்க நினைக்க இனித்தது. ஒரு வரியைக்கூடக் குறைக்க விடவில்லை.

எட்டு மாதம் கழித்துக் கணவர் ஒரு புது நம்பரிலிருந்து கூப்பிட்டார். "ஏன்டி, உனக்கு விலாசம் ஆரு குடுத்தா?"

"உங்கம்மாதானுங்க."

அவ்வளவுதான் சொன்னேன். பஸ்ஸைப் பற்றிச் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. அவர் போனை வைத்தார். பிறகு வக்கீல் வைத்துக் கோர்ட்டுக்குப் பதில் மனு கொடுத்தார். அதில் வேறு ஊர், வேறு மேல்விலாசம். வழக்கு நகர ஆரம்பித்தது.

போன மாதம் மாமியார் என் கடைக்கே வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். "நாந்தான் காட்டிக் குடுத்துட்டேன்னு போனே எடுக்க மாட்டேங்கறான். அனுப்புன பெட்டியும் திரும்பி வந்திருச்சு. அவன் இப்ப எங்கிருக்கறான்னு உனக்காச்சும் தெரியுமா, கண்ணு?"

மறுநாள் வாய்தாவுக்காகப் பதில் மனுவின் நகலை அன்று காலைதான் பையில் எடுத்து வைத்திருந்தேன். பை என் காலடியிலேயே இருந்தது.

"எனக்குத் தெரியாதுங்க அத்தை" என்றேன். "மேல்விலாசம் ஒண்ணும் குடுக்கலீங்க."