மாங்கனீஸ் என்ன ஜாதி மாடு?

1. சித்தூர் பஸ்

மதியம் புராஜெக்ட் கமிட்டி வருகிறது. லேபில் சாம்பிளைக் குளிரவைக்கும் திரவ நைட்ரஜன் சொட்டுகூட இல்லை. சென்னையிலிருந்து வரவேண்டிய லாரி தடாவில் பிரேக்டவுன். திருப்பதியில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது. கம்ப்யூட்டர் படித்த தோழிகள் ஹைதராபாத், அமெரிக்கா என்று பறந்துகொண்டிருந்தார்கள். நான் நகரியிலிருந்து காந்தம் அளக்க வந்திருந்தேன்.

"சித்தூர் மாட்டு ஆஸ்பத்திரியில சொல்லிட்டேன். கேன் எத்துக்கினு போம்மா," என்றார் புராஜெக்டை நடத்தும் கைடு.

காளை விந்தை உறையவைக்க அங்கே நைட்ரஜன் வைத்திருப்பார்கள். நிரப்பிக்கொண்டு பஸ் ஏறினேன். எங்கள் கேன் பழசு. மூடியோரம் புகைந்துகொண்டே வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கங்காதர நெல்லூர் விவசாயி அதைப் பார்த்ததும் மலர்ந்துவிட்டார்.

"ஜெர்சியா, ஹோல்ஸ்டீனாம்மா?"

"வெறும் நைட்ரஜன்தாங்க. காந்தம் அளக்க."

"மாட்டுக்கு எதுக்குமா காந்தம்?"

"மாட்டுக்கு இல்லங்க, மாங்கனீசுக்கு."

"அது இன்னா புது ஜாதி? பூதலப்பட்டுல எங்க மச்சான் மாடு கத்திக்கினு கீது. எறங்கி ஒரு சினை ஊசி போட்டுட்டு போ."

பூதலப்பட்டில் பஸ்ஸை நிறுத்தி, மூடியைத் திறக்கவைத்து, உள்ளே ஊசி இல்லை என்று பார்த்த பிறகுதான் இறங்கினார். லேபுக்குப் போனபோது கேனில் பாதிதான் மிச்சம்.

2. கமிட்டி

எங்கள் சாம்பிள் லாந்தனம் மாங்கனைட். அதில் எலக்ட்ரான்கள் உலவும் ஆர்பிட்டல்கள் ஒன்றுவிட்டு ஒன்று திசைமாறி நிற்கும். அதனால் ஓர் அடுக்கின் ஸ்பின்கள், அதாவது மாங்கனீஸ் அணுக்களின் குட்டிக் காந்தங்கள், ஒரு பக்கம் பார்த்தால், அடுத்த அடுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும். கூட்டினால் பூஜ்யம். ஆனால் படிகத்தின் சிமெட்ரி ஸ்பின்களைக் கொஞ்சம் சாய விடுகிறது, ஆகவே துளி காந்தம் மிஞ்சும் என்பது கைடின் வாதம்.

குளிரவைத்தோம். துளி காந்தம் வந்தது. கைடு சிரித்தார். கமிட்டித் தலைவர் சிரிக்கவில்லை.

"இரும்புத்தூள் கலந்திருக்கு. புராஜெக்டை இதோட முடிச்சுக்கலாம்."

என் வேலையும் அதோடு முடியும். மறுபடி அளந்து காட்டலாம் என்று பார்த்தால் நைட்ரஜன் தீர்ந்துவிட்டது. கைடு தலையில் கைவைத்து உட்கார்ந்தார். காந்த அளவைக் காகிதத்தில் வரையும் ரெக்கார்டரை நிறுத்தும் எண்ணம் யாருக்கும் வரவில்லை. சாம்பிள் தானாகச் சூடேற, பேனா கோடு போட்டுக்கொண்டே போனது. மைனஸ் நூற்றுமுப்பது டிகிரியைத் தாண்டியதும் கோடு பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்தது.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "இரும்பா இருந்தா சூடானாலும் போகாதே?"

"அதேதான் சார், நானும் அப்பலேர்ந்து சொல்லிக்கினு கீறேன்!" என்றார் கைடு. அவர் அதுவரை வாயே திறக்கவில்லை.

புராஜெக்ட் பிழைத்தது, நானும்.

லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: சிக்னல் வந்ததும் ஸ்வீட் வாங்க ஓடாதீர்கள். சாம்பிளைச் சூடாக்குங்கள். எங்கே மறைகிறது என்று பார்த்த பிறகு அதற்குப் பெயர் வையுங்கள்.