எட்ட இருந்தவளின் கழுத்து

இராசிபுரத்தில் தறி நெய்கிறவன் நான். என் மனைவி நல்லம்மாள் மாதம் மூன்று நாள் புழக்கடைக் கொட்டகையில் ஒதுங்கியிருப்பாள். போன ஐப்பசியில் மூன்று நாள் பதினைந்தாயிற்று. மார்கழியில் உதிரம் நிற்கவே இல்லை. தறியில் ஏற்றிய பாவு நூலுக்குத் தீட்டுப்படக் கூடாதென்று நாங்கள் யாரும் கிட்டப் போகவில்லை. என் தாயார் கஞ்சியை எட்ட வைத்துவிட்டு வருவார்.

"குளுருதுங்க" என்று ஒருநாள் கூப்பிட்டாள். குரல் கம்மியிருந்தது. ஈரத்தரையால்தான் என்று நினைத்து, நின்ற இடத்திலிருந்தே கம்பளியை எறிந்தேன்.

தை பிறந்ததும், எழ முடியாமல் கிடந்தவளை வண்டி கட்டிச் சேலத்துக்குக் கொண்டுபோனேன். டாக்டரம்மாள் முதலில் தொட்டது அவள் கழுத்தை.

"இங்கே தைராய்டு சுரப்பி வீங்கிச் சோர்ந்து போச்சு. குளிர், கம்மின குரல், நிற்காத உதிரம், எல்லாம் அதனாலேதான். வீக்கம் எத்தனை நாளா இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை.

மாத்திரை கொடுத்திருக்கிறார். உதிரம் இன்னும் முழுதாக நிற்கவில்லை. என்னால் ஆவது ஒன்றுமில்லை. கஞ்சியை மட்டும் இப்போது நானே கொட்டகைக்குக் கொண்டுபோய், பக்கத்தில் உட்கார்ந்து, வெளிச்சத்தில் அவள் கழுத்தைப் பார்க்கிறேன்.

"எட்டப் போங்க, தீட்டுங்க" என்கிறாள்.

மூன்று மாதம் எட்டத்தானே இருந்தேன்.