நாற்பது பல்புகளும் இரண்டு வாசல்களும்

எங்கள் வீட்டுக்கு இரண்டு வாசல். ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்தெருவில், ஒரே ஓட்டுக்கூரையின் கீழ், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கதவுகள். முதலில் ஒன்றுதான் இருந்தது. தாத்தா இறந்த வருஷம் சுவரை உடைத்து இன்னொன்று வைத்தார்கள். உள்ளே முற்றத்தின் நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு சுவரும் எழுந்தது. அந்தப் பக்கம் பெரியப்பா, இந்தப் பக்கம் என் அப்பா, நைனா.

நைனாவுக்குத் துறைமுகத்தில் இழுவைக் கப்பலில் வேலை. தாத்தா இறந்த அன்று, எண்ணூர்ப் பக்கம் தரைதட்டிப்போன ஒரு தோணியை இழுத்து வர அந்தக் கப்பல் போயிருந்தது. சித்திரை வெயில். ஒரு நாள் காத்துப் பார்த்துவிட்டு, இனி உடல் தாங்காது என்று பெரியப்பா அடக்கத்தை முடித்துவிட்டார். மறுநாள் காலையில் கரையேறி வந்த நைனா, ஈரமண் மேட்டைத்தான் பார்த்தார். "என் நைனா மூஞ்சிய கடைசியா பாக்க வுடாம பண்ட்டான்" என்று ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு அண்ணனோடு பேச்சே இல்லை.

சுவர் அவர்கள் இருவருக்கும்தான். ஆண்கள் வேலைக்குப் போனதும் அம்மாவும் பெரியம்மாவும் சுவருக்கு மேலே கிண்ணம் மாற்றிக்கொள்வார்கள். பத்து வயதுப் பெண்ணான எனக்குப் புழக்கடை வழி திறந்தேதான் இருந்தது.

பெரியப்பா ரயில்வேயில் ஒயர்மேன். தெருவுக்குக் கரண்ட் வந்தபோது அவர் பக்கத்துக்கு இழுத்துக்கொண்டார். எங்கள் பக்கம் அரிக்கேன்தான். கிறிஸ்துமஸுக்கு நைனா மூங்கில் சிம்பு வைத்து நட்சத்திரம் கட்டி, கலர்க் காகிதம் ஒட்டி, உள்ளே சின்னச் சிம்னி விளக்கை வைப்பார். கடல்காற்று அதை அணைத்துக்கொண்டே இருக்கும்.

தாத்தா போனபின் வந்த மூன்றாவது கிறிஸ்துமஸுக்குப் பெரியப்பா விளக்குச் சரம் செய்தார். மூர் மார்க்கெட்டில் நாற்பது சின்ன பல்புகள் வாங்கி, ஒன்றோடொன்று ஒயரில் ஈயத்தால் பற்றவைத்தார். பெரியம்மா வார்னிஷில் சாயப்பொடி கலந்து தர, நான் பல்புகளை முக்கியெடுத்துக் கொடியில் தொங்கவிட்டேன். சிவப்பு எனக்குப் பிடித்த நிறம். பாதிக்கு மேல் சிவப்பாகவே போனது. என் விரல்களில் இருந்த சாயத்தை நைனா பார்த்தார்.

நாற்பதும் சேர்ந்தால்தான் வீட்டுக் கரண்டைத் தாங்குமாம். நீளம் அதிகம் என்று பத்தைக் குறைத்தால் மிச்சமும் கருகிவிடுமாம். சரமோ வீட்டின் முன்பக்கம் முழுவதுக்கும் வரும் நீளம். அதைத் தன் பக்கமே இரண்டு மடிப்பாகக் கட்டிக்கொள்வதாகப் பெரியப்பா திட்டம் வைத்திருந்தார்.

பண்டிகைக்கு முந்தின நாள் காலை, ஆண்கள் இருவரும் வேலைக்குப் போனதும், பெரியம்மா தன் வாசலில் ஏணி போட்டாள். அம்மா எங்கள் வாசலில் ஏணி போட்டாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஓட்டு விளிம்பு நெடுக ஒரே நேராகச் சரத்தைக் கட்டிவிட்டார்கள். இருபது அங்கே, இருபது இங்கே.

முதலில் வந்தது பெரியப்பா. "யாரு கட்னது இத்த?" என்று கத்தினார்.

"நாந்தான். இம்மா நீளத்த வேற எங்க கட்றது, என் தலையிலயா?" என்றாள் பெரியம்மா. அவர் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார்.

நைனா மாலை வந்தார். ஒரு பார்வையிலேயே புரிந்துவிட்டது. சரத்தைப் பிடுங்கக் கையைத் தூக்கினார்.

"இங்க கழட்டினா அங்கியும் எரியாது," என்றாள் அம்மா, அரிசிமாவைச் சலித்தபடியே. "பண்டிக நாள்ல அண்ணன் வூட்ட இருட்டாக்கணும்னா, தாராளமா கழட்டு."

நைனா கையை இறக்கினார்.

இருட்டத் தொடங்கியதும் பெரியப்பா சுவிட்சைப் போட்டார். ஒன்றுகூட எரியவில்லை. ஒரு பல்பு போனாலும் சரம் முழுவதுக்கும் கரண்ட் போகாது. அவர் சுவிட்சை அணைக்காமலே வெளியே வந்து தன் பக்கத்து ஒயரை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நைனாவுக்கு என்ன தோன்றியதோ, விறுவிறுவென்று எங்கள் ஏணியில் ஏறினார். ஒரு பல்பின் கம்பியை நோக்கிக் கையை நீட்டினார்.

"டேய்! தொடாதடா! கரண்ட் கீது, செத்துப் பூடுவே!"

பெரியப்பா போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. நைனாவின் கை அந்தரத்தில் நின்றது. பெரியப்பா ஓடிப்போய் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது.

நைனா கீழே இறங்கி, ஏணியை விட்டு நகர்ந்து நின்றார். "அப்ப நீயே ஏறிப் பாரு," என்றார், தரையைப் பார்த்து.

பெரியப்பா தன் பக்கத்திலிருந்து தொடங்கினார். டார்ச் பாட்டரியிலிருந்து இரண்டு சின்ன ஒயர்களை இழுத்து, ஒவ்வொரு பல்பின் இரண்டு முனைகளிலும் வைப்பார். நல்ல பல்பு லேசாக மினுக்கும். நான் கீழே நின்று எண்ணினேன். இருபது வரை எல்லாம் நல்ல பல்பு. அப்புறம் எங்கள் வாசலுக்கு வந்து ஏறினார். ஏணி ஒரு பக்கம் சறுக்கியது. நைனா பாய்ந்து பிடித்தார்.

"பாத்து, அண்ணாத்த."

உள்ளே அம்மாவின் சல்லடைச் சத்தம் நின்றது.

முப்பத்து மூன்றாவது பல்பு மினுக்கவில்லை. வேறொன்றைப் பற்றவைத்து முடிக்கும் வரை நைனா ஏணியை விடவில்லை. சுவிட்சைப் போட்டதும் வீட்டின் முன்பக்கம் முழுவதும் ஒரே கோடாக எரிந்தது. கோயிலுக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். வீட்டடியில் நின்றால் சரியாகத் தெரியாதென்று அண்ணனும் தம்பியும் எதிர்ச்சாரிக்குப் போய், சற்றுத் தள்ளித் தள்ளி நின்றார்கள்.

"செவப்பு கொஞ்சம் தூக்கலா கீது," என்றார் பெரியப்பா.

"இர்க்கட்டும்," என்றார் நைனா. "நம்ம பொண்ணு செஞ்சது."

அன்று அவர்கள் பேசியது அவ்வளவுதான். தாத்தாவின் அடக்கத்தைப் பற்றி இருவரும் பேசி நான் கேட்டதேயில்லை. சுவரும் இடிக்கப்படவில்லை.

கிறிஸ்துமஸ் காலத்தை முடித்துவைக்கும் மூவரசர் திருநாள் கழிந்தும் சரத்தை யாரும் அவிழ்க்கவில்லை. தன் பொருள் இல்லை என்று நைனா தொடவில்லை. தம்பி வாசலில் கை வைக்கப் பெரியப்பாவுக்குத் தயக்கம். இயேசுவின் பாடுகளை நினைக்கும் தவக்காலம் நெருங்கியபோது பங்குச் சாமியார் ஒருநாள் அண்ணாந்து பார்த்து, "இன்னும் பிறப்புத்தான் கொண்டாடுறீங்களா?" என்று சிரித்துவிட்டுப் போனார். அந்த ஞாயிற்றுக்கிழமையே இருவரும் சேர்ந்து அவிழ்த்தார்கள். உப்புக்காற்றில் கம்பிகள் பச்சையாகப் பூத்திருந்தன. முடித்ததும் அம்மா யாரையும் கேட்காமலே இரண்டு தட்டு வைத்தாள். வஞ்சிரம் குழம்பு. பெரியப்பா தலை நிமிராமல் சாப்பிட்டார். மறுசோறும் வாங்கினார்.

வெகுநேரம் கழித்துச் சுவருக்கு அப்பாலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது: "இன்னாமே, என் வூட்டுக்காரர அங்கியே வெச்சிக்கினியா?"

அம்மா புரையேறும் வரை சிரித்தாள்.