பின்பாரத்துக்கு மூன்று பேர்

எனக்கு ஒரு வியாதி உண்டு. பயம் வந்தால் சிரிப்பு வரும். பெண் பார்க்க வந்த அன்று காபித் தட்டோடு நின்று சிரித்தேன். பிரசவ வார்டில் சிரித்து நர்ஸிடம் திட்டு வாங்கினேன். அதனால் ஃபோர்க்லிஃப்ட் பரீட்சை அன்று பல் துலக்கும்போதே நான் சிரிக்க ஆரம்பித்ததில் வீட்டுக்காரருக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. "இன்னைக்கு வண்டி ஓட்டுன மாதிரிதான்" என்று மட்டும் சொன்னார்.

கறம்பக்குடி பக்கம் ஒரு முந்திரி ஆலையில் எனக்கு வேலை. ஏழு வருஷம் மேசையில் உட்கார்ந்து முழுப் பருப்பையும் உடைசலையும் பிரித்துக்கொண்டிருந்தேன். மூட்டைகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்டை ஓட்டியவர் துபாய்க்குக் கிளம்பியதும், யாராவது கற்றுக்கொள்கிறீர்களா என்று முதலாளி கேட்டார். அவர் பையன்களைப் பார்த்துத்தான் கேட்டார். கை தூக்கியது நான். எப்படித் தூக்கினேன் என்று எனக்கே தெரியவில்லை, சிரிப்பு வேறு.

"கத்துக்கங்க, வேணாங்கல. ஆனா திருச்சியில ஒரு ஆளச் சொல்லி வச்சிருக்கேன். பரீச்சையில நீங்க பாஸானா வண்டி ஒங்களுக்கு. இல்லைன்னா திங்கக்கெழமை அவரு வந்துருவாரு, நீங்க பழையபடி மேசைக்குப் போயிரலாம்" என்றார்.

இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பயிற்சி மையத்துக்குப் போய்ப் படித்தேன். அந்த வண்டி மேல் எனக்கு வந்த ஆசையைச் சொன்னால் வெட்கக்கேடு. காருக்கு முன்சக்கரம் திரும்பும், இதற்குப் பின்சக்கரம் திரும்பும். ஸ்டீயரிங்கில் ஒரு குமிழ் இருக்கிறது. அதைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி நின்ற இடத்திலேயே கிறுகிறுவென்று திரும்பும், எனக்கும் கிறுகிறுவென்று வரும். இரும்பு மூக்கு வைத்த ஷூவைக் கழற்ற மனமில்லாமல் அதோடே பஸ் ஏறி வீட்டுக்குப் போவேன். மறுபடி அந்த மேசையில் குனிந்து உட்காருவதை நினைக்கவே பிடிக்கவில்லை. ஆமாம், எனக்கு அந்த வண்டி வேண்டும். அவ்வளவுதான்.

பரீட்சை வைக்க அந்த மையத்திலிருந்து ஒல்லியாக ஒருவர் அட்டையும் பேனாவுமாக வந்திருந்தார். வேடிக்கை பார்க்க மேசைப் பெண்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி டயர், சங்கிலி, எண்ணெய்க் கசிவு பார்த்தேன். பெல்ட் போட்டேன். ஹாரன் அடித்தேன், அதற்கே அவர்கள் கைதட்டினார்கள். டிரம்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போய் வந்தேன். ஒரு டிரம்மும் அசையவில்லை. சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

கடைசியாகப் பாரம். மூட்டை அடுக்கிய பலகையைத் தூக்கி, சாய்வாக ஏறும் தளத்தின் வழியே மேலே கொண்டுபோய் வைக்க வேண்டும். எண்பது கிலோ மூட்டை இருபத்துநான்கு வைப்பதுதான் கணக்கு. ஆனால் எங்கள் லோடுமேன் அண்ணன்கள், பொம்பளைப் பிள்ளை சளைத்தவள் இல்லை என்று காட்டட்டுமே என்று, பாசத்தில் இன்னும் நாலு மூட்டையை அடுக்கின் தலையில் ஏற்றியிருந்தார்கள். நான் அதை எண்ணாமல் விட்டது என் தப்பு.

வண்டியின் முன்னால் நீண்டிருக்கும் இரும்பு முள்ளைப் பலகைக்கு அடியில் விட்டு லீவரை இழுத்தேன். மூட்டை எழும்பவில்லை. நான் எழும்பினேன். வண்டியின் பின்புறம் தரையை விட்டு மெல்லத் தூக்கியது. எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"பின்பாரம் பத்தலடி, ஏறுங்க" என்று ஒரு குரல். என் மேசைத்தோழி அக்கா. நல்ல கனத்த சரீரம், அதைவிடக் கனத்த மனசு. இன்னும் இரண்டு பேரை இழுத்துக்கொண்டு ஓடிவந்து வண்டியின் முதுகில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பின்சக்கரம் தொப்பென்று தரையில் உட்கார்ந்தது.

எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. மாட்டுவண்டியில் பாரம் பின்னால் சாய்ந்தால் முன்னால் ஒருவர் ஏறிக்கொள்வார், முன்னால் அழுத்தினால் பின்னால் போய்த் தொத்திக்கொள்வார். அதே புத்தியைத்தான் ஆலையிலும் வைத்திருந்தோம். பழைய ஆபரேட்டர் காலத்தில் பின்பாரமாக நானே எத்தனையோ தடவை உட்கார்ந்து ஊர்வலம் போயிருக்கிறேன். அவ்வளவு ஜாலியாக இருக்கும்.

"ம், எடுங்க" என்றார் முதலாளி.

திரும்பிப் பார்த்தேன். அக்காவின் கால் பின்சக்கரத்தை ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. மெட்டி வெயிலில் மின்னியது. நான் ஸ்டீயரிங்கைச் சுற்றினால் அந்தச் சக்கரம் எந்தப் பக்கம் வரும் என்று எனக்குத் தெரியும். அத்தனை நேரம் குமுறிக்கொண்டிருந்த சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

முள்ளை இறக்கினேன். ஹேண்ட்பிரேக் போட்டு, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். "எறங்குங்கக்கா" என்றேன்.

"ஒனக்காகத்தானடி ஏறுனோம்."

"எறங்குங்க. நாலு மூட்டைய எறக்குனாத்தான் எடுப்பேன்."

முதலாளிக்கு முகம் சுருங்கியது. "இத்தன வருசம் இப்பிடித்தானம்மா ஓடுச்சு" என்றபடி கைபேசியை எடுத்தார். திருச்சி ஆள் திங்கட்கிழமை வரப்போகிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். அழுகை முட்டியது. ஆனாலும் பையிலிருந்து சாவியை எடுக்கவில்லை. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கிப் போனார். லோடுமேன் அண்ணன்கள் முணுமுணுத்துக்கொண்டே நாலு மூட்டையை இறக்கினார்கள். இந்த முறை நானே ஒவ்வொன்றாக எண்ணினேன். தூக்கினேன். பின்புறம் அசையவில்லை. பாரம் முன்னால் இருக்க, மெதுவாகச் சாய்தளம் ஏறி மேலே வைத்தேன்.

ஒல்லி மனிதர் எதையோ எழுதி முதலாளியிடம் நீட்டினார். "இவங்க பாஸ். அந்த மூணு பேரோட ஒரு அடி நகர்ந்திருந்தாலும் ஃபெயில்தான் போட்டிருப்பேன்" என்றார். முதலாளி இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, திருச்சிக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்றார். நான் முந்திரி மூட்டைக்குப் பின்னால் போய், சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் குலுங்கிவிட்டு வந்தேன்.

அக்கா மட்டும் முறைத்துக்கொண்டு நின்றார். "அத்தன பேரு முன்னால எறக்கிவிட்டுட்டியே. நான் என்ன விழுந்தா போயிருவேன்?"

"கால் எங்க தொங்குச்சுன்னு காட்டுங்க."

அவர் ஒரு கால் செருப்பைக் கழற்றிப் பின்சக்கரத்தின் ஓரமாக வைத்தார். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஏறி உட்கார்ந்து, ஸ்டீயரிங்கைச் சுற்றி ஓர் அடி மட்டும் நகர்த்தினேன். சக்கரம் வெளியே வீசித் திரும்பியது. செருப்பு அடியில் போய்விட்டது.

அக்கா ரொம்ப நேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வெறுங்காலின் விரல்கள் தாமாகவே மடங்கின.

"புதுச் செருப்புடி" என்றார் கடைசியில்.

மதியம் ஒற்றைச் செருப்போடு நொண்டி நொண்டி வந்து என் பக்கத்தில்தான் சாப்பிட உட்கார்ந்தார்.