செவலை கழுத்தில் வெள்ளைத் துணி

சோணையம்மாள் கோபம் வந்தால் கத்தமாட்டாள், சிரிப்பாள். பல் தெரியாமல், உதட்டின் ஒரு ஓரம் மட்டும் ஏறும். நெடுவயலில் அவளை அறிந்தவர்கள் அந்தச் சிரிப்பைக் கண்டால் ஏதோ வேலை இருப்பதுபோல் நகர்ந்துவிடுவார்கள். புருஷன் செத்த பிறகு அவள் நிறையச் சிரித்தாள்.

மானகிரியில் பிறந்து நெடுவயலில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் வீரணன், கொஞ்சம் வயலும் ஒரு கிணற்றில் பங்கும் உள்ள சம்சாரி. ஊர் மஞ்சுவிரட்டில் ஊர்த்தலைவர் நாகநாதன் அம்பலத்தின் மாட்டை எவனும் தொடமாட்டான். தொட்டால் அவன் வயலுக்குக் கண்மாய்த் தண்ணீர் வந்து சேராது. அம்பலம் வாயால் எதையும் சொல்லமாட்டார், மடை மட்டும் அடைந்துகொள்ளும். வீரணன் ஒரு மாசி மாதம் அந்த மாட்டின் திமிலைப் போய்ப் பிடித்தான். மாடு உதறிக் கீழே தள்ளி அடிவயிற்றில் கொம்பை ஏற்றியது. வண்டியில் போட்டு, புதுவயல் சாலையில் வெள்ளைக்கார நர்ஸம்மாக்கள் நடத்திய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். தைத்தார்கள், கழுவினார்கள், முழங்காலிட்டு ஜெபமும் செய்தார்கள். வீரணன் பிழைக்கவில்லை.

பிள்ளை குட்டி கிடையாது. சடங்கெல்லாம் முடிந்ததும் சோணையம்மாள் அதே ஆஸ்பத்திரிக்கு ஆயா வேலைக்குப் போனாள். "முக்காட்டைப் போட்டுக்கிட்டு மூலையில உக்காந்தா எனக்கு மூச்சு முட்டும்" என்று கேட்டவர்களிடம் சொன்னாள்.

சாவுக்கு அவள் அழுது தீர்த்தாள். தீராதது அதற்குப் பிறகு நடந்த ஊர்க்கூட்டம். நெடுவயலில் வீட்டுக்கு ஒரு தலைக்கட்டு. கோயில் வரி, தண்ணீர் முறை, திருவிழாவில் நிற்கிற இடம் எல்லாம் தலைக்கட்டுக் கணக்கில்தான். ஆம்பளை இல்லாத வீடு தலைக்கட்டு ஆகாது. தன் மாடு குத்திச் செத்தவனின் வீட்டைத் தலைக்கட்டுக் கணக்கிலிருந்து நாகநாதன் அம்பலம் தன் வாயாலேயே கழித்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார், மகராசன்.

வீரணன் விட்டுப்போனது ஒரு செவலைக் கன்று. அதைச் சோணையம்மாள் பிள்ளைபோல் வளர்த்தாள் என்று சொன்னால் பொய். கோபத்தை ஊற்றி வளர்த்தாள். விடியலில் கண்மாய்க் கரையில் ஓட்டினாள், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் பருத்திக்கொட்டை ஆட்டி வைத்தாள். மாடு திமிலும் கொம்புமாகத் திரண்டபோது அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அது மஞ்சுவிரட்டுத் தொழுவில் நிற்க வேண்டும்.

மஞ்சுவிரட்டு அன்று தலைக்கட்டுக்காரர் மாடுகள் மட்டுமே தொழுவுக்குள் போகும். அம்பலம் ஒவ்வொரு மாட்டின் கழுத்திலும் துண்டைக் கட்டி, இன்னார் வீட்டு மாடு என்று உரக்கச் சொல்லி வாசலைத் திறந்துவிடுவார். அந்தக் குரலில் பேர் வந்தால் வீடு ஊரில் இருக்கிறது, வராவிட்டால் இல்லை. மற்ற மாடுகளை வெளியே பொட்டலில் அவிழ்த்துவிடுவார்கள். கட்டுமாடு என்று பேர், துண்டு கிடையாது. ஒரு விதி மட்டும் எல்லா மாட்டுக்கும் பொது. பொழுது சாயும்வரை எவன் கையும் படாத மாடு எதுவோ, அதற்கு அம்பலம் கோயில் துண்டு கட்டி, வீட்டுப் பேரைச் சொல்லியே ஆகவேண்டும். பேர் சொன்ன வீடு தலைக்கட்டு. அது முடிந்துதான் தொழுவுக்குள் நிற்கும் கோயில் காளை, இருட்டுமுன் தன் கொட்டத்துக்குத் திரும்பும். வருஷா வருஷம் அந்தத் துண்டு அம்பலத்தின் மாட்டுக்கே போனது. ஏன் போனது என்று வீரணன் ஒருவன்தான் கேட்டிருந்தான்.

சோணையம்மாள் அம்பலத்தின் வாசலில் போய் நின்றாள்.

"ஏத்தா, ஆம்பளை இல்லாத வீட்டு மாட்டுக்குத் துண்டு கட்டிட்டு யாரு பேரைச் சொல்றது?" என்றார் அவர்.

"எம்பேரைச் சொல்லுங்க."

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கொழுந்தன் சோணைமுத்து பின்னாலேயே ஓடிவந்து, "எம்பேர்ல விடுவோம் மதினி, எதுக்கு வம்பு?" என்றான்.

"பருத்திக்கொட்டை ஆட்டுறது நானு, துண்டு வாங்குறது நீயா? போ அங்குட்டு."

ஆஸ்பத்திரியில் மூன்று அம்மாக்கள், மூன்று நாடு. பெரிய டாக்டரம்மா ஸ்வீடன். நர்ஸ் இங்கா நார்வே. ஊர்க்காரர்களுக்கு அவள் இங்கம்மா. இன்னொரு நர்ஸ் ஐனோ பின்லாந்து. வேதப் புத்தகத்தை வைத்துத் தமிழ் படித்தவர்கள், அதனால் பேதி மருந்து கொடுக்கும்போதும் பிரசங்கம் செய்வதுபோலவே பேசுவார்கள். மருந்துப் பெட்டியோடு ஒரு முறை பெரிய வர்ணப்படம் ஒன்று வந்தது. அவர்கள் பக்கத்து ஐந்து நாட்டின் கொடிகளும் முத்திரைகளும் அச்சிட்ட படம். இங்கம்மா அதைத் தாழ்வாரத்தில் மாட்டினாள்.

சோணையம்மாள் விளக்குமாற்றைச் சாத்திவிட்டு அதைப் பார்த்தாள்.

"என்னம்மா, எல்லாத்துலயும் ஒரே சிலுவையா இருக்கு? ஒரே தறியில நெய்து சாயத்தை மட்டும் மாத்துனாப்புல!"

"டென்மார்க்கின் கொடியே மூத்தது, சோணையம்மாளே. உங்கள் தரங்கம்பாடிக் கோட்டையில் முன்பு பறந்ததும் அதுதான். மற்றவர்கள் அதைப் பார்த்துச் செய்தோம்" என்றாள் இங்கம்மா.

"இந்தச் சிங்கங்க? டென்மார்க்குல மூணு, உங்களுக்குக் கோடாலி தூக்கின ஒண்ணு, ஐனோம்மாவுக்கு வாள் தூக்கின ஒண்ணு. உங்க காட்டுல சிங்கம் நிறையவோ?"

"ஒன்றும் இல்லை. கரடி உண்டு."

"இல்லாத சிங்கத்துக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்! டாக்டரம்மா நாட்டுல சிங்கத்தை விட்டுட்டு மூணு கிரீடம். ஒரு தலைக்கு எதுக்கு மூணு?" ஐஸ்லாந்தின் முத்திரையில் கேடயத்தைத் தாங்கி ஒரு காளை நின்றது. அவள் விரல் அதில் போய் நின்றது. "இவுக புத்திசாலிக. ஊர்ல இருக்கிற மாட்டைப் போட்டிருக்காக."

"அவர்களுக்குத் தனி ராஜா இல்லை. டென்மார்க்கின் ராஜாவே அவர்களுக்கும் ராஜா" என்றாள் ஐனோ. அவள் குரலில் கொஞ்சம் இளக்காரம் இருந்தது.

ராஜா பேச்சு வந்தால் இங்கம்மாவுக்கு முகம் மலர்ந்துவிடும். நார்வே வெகு காலம் ஸ்வீடன் ராஜாவின் கீழே இருந்ததையும், தாங்கள் பிரிந்து வந்ததையும் சொன்னாள். பெரிய டாக்டரம்மா அந்தப் பக்கம் வருகிறாளா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். டென்மார்க்கு இளவரசர் ஒருவரை ராஜாவாக அழைத்தார்களாம். மக்களைக் கேளுங்கள், அவர்கள் வேண்டும் என்றால் வருகிறேன் என்றாராம் அவர். ஓட்டு வைத்துக் கேட்ட பிறகே கிரீடம். அவருடைய மகன் பட்டத்து இளவரசன், காலில் பலகை கட்டிப் பனி மேட்டிலிருந்து ஜனங்களோடு ஜனமாகக் குதிப்பானாம். உலகப் போட்டியில் பாய்க்கப்பல் ஓட்டிப் பதக்கமும் வாங்கியவனாம்.

"ராசா மகன் விழுந்தா?"

"எல்லாரையும் போல விழுவான். ஜனங்கள் நகைப்பார்கள். அவனும் நகைப்பான். ஸ்வீடனின் ராஜாவும் முதிர்ந்த வயதில் பந்து ஆடுகிறார். தோற்றும் போகிறார்."

"ராஜாக்கள் ஆடுவதைக் கைதட்டிப் பார்ப்பது உங்கள் வழக்கம்" என்றாள் ஐனோ. "நாங்களும் ஒரு ஜெர்மானியரைத் தேர்ந்தெடுத்தோம். அவர் வந்து சேருமுன்பே ராஜாவே வேண்டாம் என்று விட்டுவிட்டோம். ஓடுவதற்கு எங்களுக்கு ராஜா தேவையில்லை. எங்கள் ஓட்டக்காரரை இந்த உலகத்தில் யாரும் எட்டிப் பிடிக்க முடியவில்லை."

இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பஞ்சு சுருட்டினார்கள். சோணையம்மாள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். கிரீடத்துக்கே ஊரைக் கேட்கிறான் ஒருத்தன். இங்கே ஒரு முழத் துண்டுக்குக் கேட்க நாதியில்லை. அங்கே ராஜா மகன் விழுந்தால் ஊர் சிரிக்கிறது. இங்கே அம்பலத்தின் மாட்டை ஒருத்தன் தொட்டதற்கு அவன் செத்த பிறகும் தண்டனை. விளக்குமாற்றை எடுத்து, தாழ்வாரத்தில் இல்லாத குப்பையை எல்லாம் பெருக்கித் தள்ளினாள்.

அடுத்த மஞ்சுவிரட்டுக்கு நாள் குறிக்க ஊர் கூடியபோது அவள் கூட்டத்தின் ஓரத்தில் நின்று கேட்டேவிட்டாள்.

"பனி நாட்டுக்காரவுக ராசாவுக்கே ஓட்டு வச்சுக் கேட்டாகளாம். ஒரு தலைக்கட்டுக்கு நீங்க ஊரைக் கேக்கக் கூடாதா?"

நாகநாதன் அம்பலம் அவசரப்படவில்லை. "கேட்டது யாரைத்தா? பொம்பளைகளையா? அங்கயும் ஆம்பளைதான் போட்டிருப்பான், போய் விசாரி" என்றார். ஊர் மறுபடியும் சிரித்தது.

மறுநாள் அவள் இங்கம்மாவின் முன்னால் போய் நின்றாள். "அந்த ஓட்டை நீங்க போட்டீகளா? உங்க ஆத்தா போட்டாகளா?"

இங்கம்மாவின் வெள்ளை முகம் சிவந்தது. "அப்போது பெண்களுக்கு ஓட்டு இல்லை. நாடு பிரிய வேண்டும் என்று பெண்கள் தனியாகக் கையொப்பம் வாங்கிக் கொடுத்தோம். என் தாயாரும் வீடு வீடாகப் போனார். ஓட்டு பிறகுதான் வந்தது."

"அதை ஏன் அன்னைக்கே சொல்லல? பாதியைச் சொல்லி என்னை அம்பலம் முன்னால முட்டாளாக்கிப்புட்டீக."

"ஐரோப்பாவில் முதலில் ஓட்டு வாங்கிய பெண்கள் நாங்கள்" என்று ஐனோ ஆரம்பித்தாள். சோணையம்மாள் அவள் பக்கமும் திரும்பினாள்.

"பெருமைதான். உங்க கொடியில பாதிக்கு மேல வெள்ளையாக் கிடக்கே, அது என்ன? எழவு வீட்டுக் கொடியா?"

ஐனோ கோபித்துக்கொள்ளவில்லை. "அது எங்கள் பனி. வருஷத்தில் பாதி நாள் எங்கள் நிலம் அந்த நிறத்தில்தான் கிடக்கும். அதிலேதான் பிழைக்கிறோம், அதிலேதான் ஓடுகிறோம். எங்களுக்கு வெண்மையில் வெட்கம் இல்லை" என்றாள்.

சோணையம்மாள் குனிந்து தன் சீலையைப் பார்த்தாள். வீரணன் செத்த அன்று மேலே போட்ட நிறம். இந்தச் சீலை எதிரே வந்தால் வண்டிக்காரன் நின்று, வண்டியைத் திருப்பிப் போவான். கல்யாண வீட்டுக்காரி பார்வையை நிலத்தில் போடுவாள். உதட்டின் ஓரம் மெல்ல ஏறியது.

மஞ்சுவிரட்டு அன்று தொழுவில் துண்டு கட்டிப் பேர் சொல்லும் குரல் பொட்டலின் கடைசி வரைக்கும் கேட்டது. வெளியூர்க்காரர்கள் அந்த வருஷம் நிறைய வந்திருந்தார்கள். கட்டுமாடுகள் நின்ற ஓரமாகச் சோணையம்மாள் செவலையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பொம்பளை மாடு பிடித்து வருவதே அதிசயம். பிறகுதான் ஜனங்கள் மாட்டின் கழுத்தைப் பார்த்தார்கள். அதில் வெள்ளைத் துணி. அவள் முந்தானையின் ஒரு பக்கம் கிழிந்திருந்தது.

"அடி பாவி!" என்று யாரோ சொன்னார்கள். சோணைமுத்து தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். அவள் மூக்கணாங்கயிற்றை உருவிவிட்டாள்.

செவலை பொட்டலில் இறங்கியது. தாவ நின்றவர்கள் துணியைப் பார்த்துக் கைகளை இறக்கினார்கள். கல்யாணம் ஆனவன் பொண்டாட்டியை நினைத்தான், ஆகாதவன் வரப்போகிறவளை நினைத்தான். விவரம் தெரியாத வெளியூர்க்காரன் ஒருவன் மட்டும் திமிலைக் குறிவைத்துப் பக்கவாட்டில் ஓடினான். அப்போது நாகநாதன் அம்பலமே தொழுவின் மேல் ஏறி நின்று தொண்டை கிழியக் கத்தினார்.

"தொடாதீகடா! தாலியறுத்தவ சீலைடா அது! எவனும் தொடாதீக!"

ஓடியவன் நின்றுவிட்டான். செவலை பொட்டலைச் சுற்றி வந்தது, கண்மாய்க் கரை வரைக்கும் போய்த் திரும்பியது. அதன் வழியில் கூட்டம் இரண்டாகப் பிளந்து ஒதுங்கியது. அம்பலத்தின் மாட்டைப் பிள்ளையார்பட்டிப் பக்கத்து ஆள் ஒருவன் திமிலோடு கட்டிக்கொண்டு தொங்கினான். அவன் வயலுக்கும் நெடுவயல் கண்மாய்க்கும் சம்பந்தம் இல்லை. பொழுது இறங்கியபோது எவன் கையும் படாமல் நின்றது ஒரே மாடுதான்.

"தீட்டு மாடு, கணக்குல வராது" என்றார் அம்பலம்.

"தொடாதீகன்னு சொன்னது நீங்கதானே அம்பலம்" என்றார் கோயில் பூசாரி முத்துக்கருப்பன். அவருக்குக் கோயில் காளை கொட்டம் திரும்பியாக வேண்டும். "தொடாத மாட்டுக்குத் துண்டு. இது நேத்து வந்த வழக்கமா? பொழுது போகுது, கட்டுங்க."

யாரும் சிரிக்கவில்லை. அம்பலம் துண்டோடு வந்தார். சோணையம்மாள் செவலையைத் தொழு வாசலில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்தக் கருமத்தை அவுரு."

"மாட்டேன். அது மேலயே கட்டுங்க."

துண்டைக் கட்டும்போது அவர் விரல்கள் வெள்ளைத் துணியில் பட்டன. பட்டால் என்ன, ஒன்றும் ஆகவில்லை. கட்டிவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பி, "வீரணன் வீட்டு மாடு!" என்று சொன்னார்.

சோணையம்மாள் அப்போதுதான் கத்தினாள். வாழ்க்கையில் அவள் கத்தி ஊர் கேட்டது அன்றுதான்.

"அந்தப் பேரைச் சொல்ல உங்களுக்கு வாய் இருக்கா? உங்க மாடு குத்திச் செத்தவன் அவன்! அன்னைக்கு வீரணன் வீடு இல்லைன்னு கழிச்சீகள்ல, இன்னைக்கு எங்க இருந்து வந்துச்சு? வளத்தது நானு. எம்பேரைச் சொல்லுங்க. சொல்ற வரைக்கும் மாட்டை இந்த வாசலை விட்டு நகத்த மாட்டேன்."

உள்ளே கோயில் காளை மணியை ஆட்டிக்கொண்டு நின்றது. செவலை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. பூசாரி வானத்தைப் பார்த்தார். ஊர் அம்பலத்தைப் பார்த்தது.

"சோணையம்மா வீட்டு மாடு" என்றார் அவர், தரையைப் பார்த்து.

"கட்டுமாடுகிட்ட நிக்கிறவுகளுக்குக் கேக்கல."

அவர் தொண்டையைச் செருமினார். "சோணையம்மா வீட்டு மாடு!"

இந்த முறை பொட்டலின் கடைசிவரை கேட்டது. ஜனங்கள் அவள் உதட்டைத்தான் பார்த்தார்கள். ஓரம் இன்னும் ஏறியே இருந்தது. அவள் செவலையை வாசலிலிருந்து விலக்கிக்கொண்டு, அம்பலத்தைத் தாண்டி நடந்தாள். நடந்தபடியே, "நாளைக்கு என் வயலுக்குத் தண்ணி முறை எப்பன்னு சொல்லி விடுங்க" என்றாள்.