ஏழு இஞ்ச் கம்மி

மூன்று வருடங்களுக்கு முன்பு, மாசி மாதத்துப் பௌர்ணமி நாள். திருவண்ணாமலையில், நான் சின்ன வயதில் கூடைப்பந்து ஆடிய பழைய மைதானத்தில் காலை ஏழு மணிக்கு நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. வலது முழங்காலில் பட்டை, கையில் ஒரு பந்து. எதிரே போனைப் பிடித்துக்கொண்டு என் மனைவி.

என் தொழில் கூடைப்பந்து. இப்படிச் சொன்னால் நம்மூரில் யாரும் நம்புவதில்லை. "அது சரிங்க, வேலை என்ன பண்றீங்க?" என்றுதான் அடுத்த கேள்வி வரும். பதினோரு வருடத்தில் ஐந்து நாடுகளில் ஒன்பது அணிகளுக்கு ஆடியிருக்கிறேன். பெரிதாக நினைத்துவிடாதீர்கள், டிவியில் வருகிற ஆட்டம் இல்லை இது. பஹ்ரைன், மாலத்தீவு, நேபாளம், தாய்லாந்து, கடைசியாக மங்கோலியா. யாருக்காவது அடிபட்டால், யாராவது பாதியில் ஓடிப்போனால், அந்த இடத்தை அடைக்கக் கூப்பிடுகிற ஆள் நான். ஓர் அணியில் எனக்கென்று பனியன்கூடத் தைக்கவில்லை. முன்னாடி ஆடியவன் பெயர்மேல் பிளாஸ்திரி ஒட்டி, அதில் என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வேர்த்ததும் பிளாஸ்திரி உரிந்துவிடும். பாதி ஆட்டத்துக்கு மேல் நான் யாரோதான். கெட்டிலில் ரசம் வைத்துக் குடிப்பது, பெட்டி எடை தாண்டிவிடுமோ என்று ஏர்போர்ட்டில் பயப்படுவது, "உங்கள் சேவைக்கு நன்றி" என்று வாட்ஸப்பில் வந்தால் மறுநாள் கிளம்பிவிடுவது... சலித்துப் போச்சு சாமி. ஆனால் வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

முட்டி வீங்கி ஊருக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அப்போதுதான் ஏஜெண்ட் செய்தி அனுப்பினார். வளைகுடாவில் ஓர் அணிக்கு உயரமான ஆள் அவசரமாக வேண்டும். முட்டி நன்றாக இருக்கிறது என்று அவர்கள் நம்ப வேண்டும். ஓடிவந்து எகிறி, பந்தைக் கையாலேயே வளையத்துக்குள் திணிக்கிற டங்க் ஒன்று அடித்து, வெட்டு ஒட்டு இல்லாமல் வீடியோ எடுத்து, அன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும். இதை விட்டால் என் வயசுக்கு இன்னொரு வாய்ப்பு வராது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"இந்த ஒரு வருஷம் மட்டும்னு நாலு வருஷமா சொல்றீங்க," என்றாள் மனைவி. ஆனாலும் போனைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

இங்கே என் பழைய கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பதினாறு வயதில் நான் ஆறடி தாண்டிவிட்டேன். கூடவே கோபமும் வளர்ந்தது. இரண்டு பள்ளியில் டி.சி. கொடுத்து அனுப்பினார்கள். கீழ்பென்னாத்தூர் பஸ் கண்டக்டரோடு சண்டை போட்டு ஜன்னல் கண்ணாடியை உடைத்தேன். என்னை யாரும் ஒன்றும் செய்ய முடியாத ஒரே இடம் இந்த மைதானம். இந்த வளையத்தில் பதினாறு வயதிலேயே நான் டங்க் அடிப்பேன். ஊரே கூடி வேடிக்கை பார்க்கும். "இவன் இந்தியாவுக்கு ஆடுவான்டா," என்பார்கள். அந்தப் பேச்சை நம்பித்தான் நான் உயிரோடு இருந்தேன்.

வெளியூரில் ஒரு விளையாட்டு விடுதிக்குத் தேர்வு நடந்தது. எங்கள் ஊரிலிருந்து இரண்டு பேரை எடுத்தார்கள். ஒருவன் நான். இன்னொருவன் என் கூட்டாளி, அடி அண்ணாமலைக்காரன், வெல்டிங் பட்டறைக்காரர் மகன். உயரம் கம்மி, ஆனால் பந்து அவன் கையில் ஒட்டிக்கொண்டே வரும். விண்ணப்பத்தில் "டங்க் அடிப்பேன்" என்று நான் தம்பட்டமாக எழுதிக் கொடுத்திருந்தேன். முதல் நாளே எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, என்னை அடித்துக் காட்டச் சொன்னார் பயிற்சியாளர். எகிறினேன். பந்து வளையத்தின் விளிம்பில் மோதித் தெறித்தது. மறுபடி எகிறினேன். மறுபடியும் அதே. ஐந்து தடவை. பயிற்சியாளர் கத்திக்கொண்டிருந்தார். அப்போது என் கூட்டாளி சத்தமாகச் சொன்னான், "எங்க ஊர் ரிங்கு உயரம் கம்மி சார்!" என்று. மொத்த வரிசையும் சிரித்தது.

நான் நேராகப் போய் அவன் வாயில் ஓங்கிக் குத்தினேன். முன்பல் உடைந்து சட்டையெல்லாம் ரத்தம். அன்று சாயங்காலமே என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் அவன் அப்பா வந்து, "இந்த ஆட்டமே வேணாம்," என்று அவனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கூடவே வந்து குழி பறித்தவனுக்கு வேண்டும்தான் என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு வளைகுடாவில் கிடங்கு வேலைக்குப் போனதும், அங்கே கம்பெனி அணியில் ஆட ஆரம்பித்ததும், அதிலிருந்து ஊர் ஊராக அலைந்ததும் தனிக்கதை. பதினெட்டு வருடமாக ஊருக்கு வரும்போதெல்லாம் அவன் பட்டறை இருக்கிற செங்கம் ரோடு பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

சரி, அந்தப் பௌர்ணமி காலைக்கு வருகிறேன். முதல் இரண்டு தடவை கை வழுக்கியது. மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிவந்தேன். முட்டியில் சுரீர் என்றது. ஆனாலும் பந்து உள்ளே போய்விட்டது! சந்தோஷத்தில் வளையத்தைப் பிடித்துத் தொங்கினேன். 'மளுக்' என்று ஒரு சத்தம். துருப்பிடித்த தகடு கிழிந்து, வளையம் ஒரு பக்கமாகத் தொங்கியது.

"எடுத்தியா?" என்று கேட்டேன்.

அவள் முகம் செத்துப்போயிருந்தது. "நடுவுல போன் கால் வந்துச்சுங்க. வீடியோ நின்னுடுச்சு. உங்க ஏஜெண்ட்தான், வீடியோ எங்கன்னு கேக்குறதுக்கு."

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வளையத்தை உடனே சரி செய்தால்தான் உண்டு. மைதானத்தைப் பார்த்துக்கொள்பவரைக் கேட்டேன். பௌர்ணமியன்று எல்லாப் பட்டறையும் மூடிக் கிடக்கும், திறந்திருப்பது ஒன்றே ஒன்றுதான் என்றார். எது என்று அவர் சொல்வதற்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

பட்டறை வாசலில் போய் நின்றேன். அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னை ஏற இறங்கப் பார்த்தான். தலையில் முடி பாதி போயிருந்தது. முன்பல் ஒன்று மட்டும் மற்றதைவிட வெளுப்பாக இருந்தது.

"சொல்லுங்க. இன்னா வேலை?" என்றான்.

ஒரே தட்டில் சாப்பிட்டவன். 'சொல்லுங்க' என்றதும் எனக்கு அவன் ஓர் அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

"ரிங்கு உடைஞ்சிடுச்சு. இன்னிக்கே சரி பண்ணணும்," என்று வீடியோ விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன்.

"மத்தியானத்துக்கு மேல ரோட்டை அடைச்சிடுவாங்க. இப்பவே கெளம்பினாதான் ஆகும்," என்றான். வெல்டிங் மிஷினை என் மடியில் வைத்து, மொபெட்டில் என்னைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டினான். கிரிவலத்துக்கு வந்த கூட்டம் காலையிலேயே ரோட்டை நிறைத்திருந்தது. மிஷினோடு என் முட்டி இரண்டும் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்க, வெறுங்காலில் நடக்கிறவர்கள் திட்டித் திட்டி வழிவிட்டார்கள்.

மைதானத்தில் பம்ப் ரூமிலிருந்து கரண்ட் எடுத்தான். ஏணி போட்டு ஏறி, இஞ்ச் டேப்பை மேலிருந்து விட்டான். "நுனியைத் தரையில புடிங்க," என்றான். நான் குத்துக்காலிட்டுப் பிடித்துக்கொண்டேன்.

"வளையம் இருந்த எடம் ஒம்போது அடி அஞ்சு இஞ்ச். பத்தடி இருக்கணும். ஏழு இஞ்ச் கம்மி."

"தரையில புதுசா சிமெண்ட் போட்டிருக்காங்க, அதான்," என்றேன்.

"அது மூணு இஞ்ச்தான். நாம ஆடுறப்பவே நாலு இஞ்ச் கம்மி. அப்பவும் பழைய தரை மேலயே தரை போட்டு வச்சிருந்தாங்க. எங்கப்பா டேப்பை எடுத்துட்டு வந்து நான் அளந்து பாத்திருக்கேன்."

அவ்வளவுதான். எனக்குப் பழைய கோபம் தலைக்கேறியது. "தெரிஞ்சே வச்சிருந்துதான் அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி சொல்லி என் மானத்தை வாங்கினியா?" என்று கத்திவிட்டேன். தூரத்தில் நின்ற மனைவி பயந்துபோய் ஓடிவந்தாள்.

அவன் ஏணியிலிருந்து இறங்கவில்லை. மேலேயே உட்கார்ந்துகொண்டு, நிதானமாகக் கேட்டான்.

"நான் என்ன சொன்னேன்னு முழுசா ஞாபகம் இருக்குதா உனக்கு? ஃபாரத்துல பொய் எழுதிக் குடுத்து உள்ள வந்துட்டான், இவனை இப்பவே ஊருக்கு அனுப்புன்னு கோச் கத்திக்கினு இருந்தாரு. யாரும் வாயைத் தொறக்கல. நான்தான் முன்னாடி வந்து, 'அவன் பொய் சொல்லல சார், எங்க ஊர் ரிங்கு உயரம் கம்மி சார், ஒரு மாசம் டைம் குடுங்க சார், அடிச்சிடுவான்'னு சொல்ல வந்தேன். ஒரு மாசம்னு சொல்றதுக்குள்ள சிரிச்சிட்டாங்க. நீயும் வந்து குத்திட்டே."

அவன் பொய் சொல்லல சார்.

அன்று அந்த வார்த்தைகள் என் காதில் விழாமல் இல்லை. அவன் திரும்பச் சொன்னதும் அதே குரலில், அதே பயத்தோடு அப்படியே ஞாபகம் வந்துவிட்டது. சிரிப்புச் சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அந்த முதல் பாதியை நானே எப்போதோ தூக்கிப் போட்டிருக்கிறேன். அது எனக்குத் தேவைப்படவில்லை. திட்டுவதற்கு ஓர் ஆள்தான் தேவைப்பட்டிருக்கிறது. மங்கோலியாவின் குளிரில் தூக்கம் வராத போதெல்லாம் மனசுக்குள் இவனைத் திட்டியிருக்கிறேன்.

"அளந்தப்பவே ஏன்டா என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"இந்த ஊர்ல நீ சந்தோஷமா இருந்தது அது ஒண்ணுலதான். எப்படிடா சொல்றது?"

பிறகு ஏணியில் திரும்பி, கிழிந்த தகட்டைத் தட்டிப் பார்த்தான். "சரி, சீக்கிரம் சொல்லு. பழைய எடத்துலயே வைக்கறதும் ஒண்ணுதான், ஏத்தி வைக்கறதும் ஒண்ணுதான். பாக்குறவனுக்குத் தெரியாது. எவ்ளோ உயரத்துல வைக்கட்டும்?"

அவன் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே, நான் எங்கே சொன்னாலும் அங்கே பற்றவைத்துத் தந்திருப்பான். ஏழு இஞ்ச் கம்மியில் என்னால் இன்னும் ஒரு தடவை அடிக்க முடியும். பத்தடியில் என் முட்டியை வைத்துக்கொண்டு முடியவே முடியாது. மனைவியைப் பார்த்தேன். அவள் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

"பத்தடிடா," என்றேன்.

"ரிங்கு போர்டுல வரைஞ்ச கட்டத்துக்குள்ள ஏறிக்கும். பாக்க அசிங்கமா இருக்கும்."

"இருக்கட்டும்."

வெல்டிங் ஆறியதும் அவனே போனை வாங்கிப் பிடித்தான். நான்கு தடவை எகிறினேன். விரல் நுனி வளையத்தில் பட்டது, அவ்வளவுதான். ஐந்தாவது தடவைக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை. கடைசியில் என்னால் முடிந்ததை எடுத்தோம். பந்தைப் பிடித்துத் திரும்புவது, கிட்ட இருந்து போடுவது, உடம்பைக் குறுக்கே வைத்து மறிப்பது. பதினோரு வருடம் சோறு போட்டது அதுதான், டங்க் இல்லை. மத்தியானமே அதை அனுப்பிவிட்டேன். இரண்டு நீல டிக் விழுந்தது. இன்றுவரை பதில் இல்லை.

பம்ப் ரூம் நிழலில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். ரோட்டில் அன்னதானம் போட்டுக்கொண்டிருந்த இடத்திலிருந்து மனைவி தொன்னையில் சாம்பார் சாதம் வாங்கி வந்தாள். அவன் இடது பக்கமாகவே மெல்வதைக் கவனித்தேன்.

"தப்பு பண்ணிட்டேன்டா," என்றேன். அந்த ஒரு வார்த்தையை வெளியே கொண்டுவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"அதான் பத்தடின்னு சொல்லிட்டியே. விடு, சாப்பிடு," என்றான்.

நான் இப்போது ஒரு லாட்ஜில் சூப்பர்வைசர். முட்டி மாடி ஏறும்போது மட்டும் கத்தும். அந்த மைதானத்தில் சாயங்காலம் ஆடுகிற காலேஜ் பெண்கள் என்னைப் பார்த்தால் விடுவதில்லை. "யார்ணா ரிங்கை ஏத்தினது? ஒரு ஷாட்டும் விழ மாட்டேங்குது!" என்று சண்டைக்கு வருவார்கள். நான்தான் என்று சொல்லிவிடுவேன். அவன் பக்கத்தில் இருந்தால் அந்த வெளுத்த பல் தெரியச் சிரிப்பான்.

எத்தனையோ ஊரில், எத்தனையோ பயிற்சியாளர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருக்கிறேன். எனக்காக வரிசையை விட்டு முன்னே வந்து பேசியவன் ஒருவன்தான், அவன் பல்லை உடைத்துவிட்டுத்தான் நான் உலகம் சுற்றப் போனேன்.