டிரம் ஆறும் வரை

வெள்ளிமலையிலிருந்து இறங்கிய ஜீப்பில் நானும் இன்னொரு வெளியூர்க்காரரும் முன்னால் உட்கார்ந்திருந்தோம். பின்னால் ஒரு பெண் பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி அவளைத் தாங்கிப் பிடித்திருந்தாள். பாதி மலையில் பிரேக் கருகும் நாற்றம் வந்ததும் டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். ஒடிசலான மனிதர், காதோரம் அணைத்த பீடி. இறங்கிக் குந்தி, தோசைக்கல்லில் சூடு பார்ப்பதுபோல் சக்கரத்துக்கு நேரே உள்ளங்கையை நீட்டினார்.

வெளியூர்க்காரர் தண்ணீர் பாட்டிலோடு ஓடினார்.

“ஊத்தாதீங்க சார்! உள்ள இருக்கிற பிரேக் டிரம் பதம் பண்ணுன வார்ப்பிரும்பு. எவ்ளோ ஒரசினாலும் லேசுல தேயாது. ஆனா இந்தச் சூட்டுல தண்ணி பட்டா வெடிச்சிரும். அப்பறம் இன்னாத்த வச்சி வண்டிய நிறுத்தறது?”

“உங்க பொண்ணா இருந்தா இப்படி உக்காந்திருப்பீங்களா?” என்று வெளியூர்க்காரர் கத்தினார்.

டிரைவர் மறுபடி சக்கரத்துக்கு நேரே உள்ளங்கையை நீட்டினார். சூடு தணிந்த பிறகே எழுந்து, சின்ன கியரிலேயே மலையை இறக்கினார்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணை டிரைவரே தூக்கிக்கொண்டு ஓடினார். கூட வந்தது யார் என்று நர்ஸ் கேட்டாள்.

“நான்தாங்க. அவளப் பெத்த அப்பன்.”

சக்கரத்துக்கு நேரே நீட்டிய அந்தக் கை ஒருமுறைகூட நடுங்கவில்லையே!